கடைசிப் பத்தியில் இருந்த ஒரு வாக்கியம்

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் எங்கள் சிறிய அச்சகத்துக்கும் கட்டட உரிமையாளருக்கும் இடையே நடந்த வாடகை வழக்கு 2012 நவம்பரில் முடிந்தது. நீதிமன்றத்தின் மூன்று படிகளிலும் தோற்றோம். தாமத அபராதத்தைக் கடன் வாங்கிக் கட்டினேன்.

2013 மார்ச்சில் எங்கள் வழக்கறிஞர் அழைத்தார். வேறொரு நிறுவனத்தின் வழக்கில், எங்கள் அபராதத்துக்கு அடிப்படையான அதே சட்டப் பிரிவுக்கு, வணிக வழக்குகளுக்கான உச்ச அர்பித்ராஷ் நீதிமன்றத்தின் மூத்த நீதிபதிகள் குழுவான பிரசீடியம் நேர்மாறான விளக்கம் தந்திருந்தது.

"அப்படியானால் எங்கள் தீர்ப்பும் செல்லாதுதானே?" என்றேன்.

"அவசரப்படாதீர்கள். கடைசிப் பத்தியைப் படியுங்கள்" என்றார்.

படித்தேன். இதே போன்ற வழக்குகளில் மாறான விளக்கத்தின்படி வழங்கப்பட்டு அமலுக்கு வந்துவிட்ட தீர்ப்புகளை, வேறு தடை இல்லாவிட்டால், மறுஆய்வு செய்யலாம் என்று ஒரே ஒரு வாக்கியம். அது இல்லையென்றால் முடிந்த வழக்கு முடிந்ததுதான். புதிய விளக்கம் முடிந்த வழக்குகளுக்கும் பின்னோக்கிப் பாயும் என்பதை அதைத் தரும் தீர்ப்பே வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும் என 2010 ஜனவரி 21 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் வரையறுத்திருந்தது. அரசோடு வழக்காடும் குடிமகனின் நிலையை மோசமாக்க இந்த வழியைப் பயன்படுத்தக் கூடாது என்பதும் அதில் உண்டு. எனக்கு அது மிக நியாயமாகப் பட்டது.

மனுவுக்கு மூன்று மாதம் அவகாசம் என்று படித்து, ஜூன் வரை நேரம் இருக்கிறது என நம்பியிருந்தேன். வழக்கறிஞர் அர்பித்ராஷ் வழக்கு நடைமுறைச் சட்டத்தின் 312ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவைக் காட்டினார். நம் வழக்கின் கடைசி உத்தரவு அமலுக்கு வந்து ஆறு மாதம் தாண்டக் கூடாது. அப்படியென்றால் மே மாதத்தோடு கதவு மூடிவிடும். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதல் தீர்ப்பு சொன்ன நீதிமன்றத்திலேயே மனு கொடுக்க வேண்டும். அதற்கு முன் எதிர்த்தரப்புக்கு நகல் அனுப்பிய சான்று தேவை. அஞ்சலகத்தில் இருந்த பெண் உள்ளிருக்கும் தாள்களின் பட்டியலை வரி வரியாகச் சரிபார்த்து, இரண்டு பிரதிகளிலும் முத்திரை குத்தினார். ஒரு பிரதியில் தேதி மங்கலாக விழுந்திருந்தது. மீண்டும் குத்தித் தரும்படி கேட்டேன். முகம் சுளிக்காமல் குத்திக் கொடுத்தார்.

ஏப்ரல் இறுதியில் மனு ஏற்கப்பட்டது. பழைய தீர்ப்பு ரத்தானது. ஆனால் அதோடு பணம் கைக்கு வந்துவிடாது. வழக்கு முதலிலிருந்து விசாரிக்கப்படும். புதிய தீர்ப்பில் அபராதம் பாதிக்கும் கீழே குறைந்தது. கூடுதலாகக் கட்டிய தொகையைத் திருப்பித் தரச் சொல்லித் தனியாக ஒரு மனு போட்டோம்.

அடுத்த அறையில் செருப்புத் தைக்கும் பெரியவருக்கும் அதே உரிமையாளர், அதே ஒப்பந்தம், அதே அபராதம். அவருடைய கடைசி உத்தரவு 2012 ஜூலையில் வந்திருந்தது. பிரசீடியத்தின் தீர்ப்பு வெளிவருவதற்கு முன்பே அவருடைய ஆறு மாதம் ஓடிவிட்டது. தீர்ப்புகள் என்றென்றும் ஆட்டம் காணக் கூடாது என்பதற்காக வைத்த எல்லை அது என்று வழக்கறிஞர் விளக்கினார். காரணம் புரிகிறது. ஆனாலும் இதை என்னால் ஏற்க முடியவில்லை. நான்கு மாதம் முன்னதாகத் தோற்றது அவர் செய்த குற்றமா?

என் விசாரணை நாளன்று அவரும் நீதிமன்றத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். தீர்ப்பு வாசித்து முடிந்ததும், அந்தக் கடைசிப் பத்தியின் நகல் ஒன்று தனக்கும் வேண்டும் என்று கேட்டார்.