நான்கு நிமிடம் நின்றவர்

"வழி தெரியாம நிக்கல சார். அந்த டேப் முடியட்டும்னு நின்னேன்."

நாங்கள் செய்துகொண்டிருக்கும் வீடியோ கேமை மற்றவர்களை ஆடவைத்துப் பார்க்கும் பிளேடெஸ்ட் முடிந்து எழும்போது, ஆடியவர் சொன்னது இவ்வளவுதான். அதற்குள் என் குறிப்பில், கேமுக்குள் அந்த டேப் ஓடும் அறைக்கு நேராக, 'மாடி அறை, 4 நிமிடம், சிக்கிக்கொண்டார்' என்று ஏறிவிட்டது. தலையாட்டினேன், ஆனால் அடித்துத் திருத்தவில்லை. மறுநாள் அந்த அறையின் கதவுக்கு மேல் வழி காட்டும் அம்புக்குறியாக ஒரு மார்க்கர் வைத்தேன்.

என் பக்கமும் நியாயம் இருக்கிறது. அன்று ஆடிய 6 பேரில் 2 பேர் நிஜமாகவே வழி தெரியாமல் சுற்றி, கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டார்கள். சண்டை கிடையாது, புள்ளி கிடையாது, செத்துப் பிழைப்பது கிடையாது. இப்படியொரு கேமில் ஆடுகிறவருக்கு அலுத்துவிட்டால் பிடித்து நிறுத்த நம்மிடம் என்ன இருக்கிறது? நடப்பதைத் தவிர வேறொன்றுமில்லை என்று இவற்றுக்கு 'வாக்கிங் சிமுலேட்டர்' என்ற கிண்டல் சும்மா வரவில்லை.

ஆனால் நான் இந்த வேலைக்கு வந்ததே 2013இல் வெளியான 'கான் ஹோம்' ஆடியதால்தான். வெளியே இடிமழை, உள்ளே ஆளில்லாத வீடு. அலமாரியைத் திறந்து, கடிதம் படித்து, அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்று நாமே சேர்த்துப் பார்க்க வேண்டும். எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கலாம். வைக்காவிட்டாலும் கதை நகரும். நான் ஒவ்வொன்றையும் திரும்ப வைத்தேன், வீட்டுக்காரர்கள் வந்து கேட்பார்கள் என்பதுபோல. அன்று என் முதுகுக்குப் பின்னால் ஒருவர் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்?

சரி, மார்க்கரை வேண்டாதவர் அணைத்துக்கொள்ளும்படி விட்டிருக்கலாமே என்று கேட்கலாம். 2016இல் வந்த, காட்டில் நடக்கும் 'ஃபயர்வாட்ச்' கேமில், வரைபடத்தில் நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் குறியைக்கூட அணைத்துவிடலாம். காடு அப்போதுதான் காடாகிறது. எனக்கு இது தெரியாததல்ல. நேரமில்லை என்றேன். நேரமும் இல்லைதான். ஆனால் யாரும் கேட்காதபோதே ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவர் மரியாதைக்காக அப்படிச் சொல்லியிருக்கலாம் என்றும் சில நாள் தோன்றும். சிக்கிக்கொண்டதை ஒப்புக்கொள்ள எல்லோருக்கும் கூச்சம்தான். அப்புறம் பதிவை ஓட்டிப் பார்ப்பேன். 4 நிமிடமும் திரை ஜன்னல் பக்கமே திரும்பியிருக்கிறது. வழி தேடுகிறவர் கதவைப் பார்ப்பார்.

அடுத்த சுற்றில் யாரும் அந்த அறையில் நிற்கவில்லை. டேப்பைப் போட்டார்கள், அம்பைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். 'பிரச்சினை தீர்ந்தது' என்று எழுதி அனுப்பினேன். மார்க்கரை அணைக்கும் வசதி செய்யவேண்டியவை பட்டியலில் 17வது வரியில் கிடக்கிறது.