கிளவுட் லேப் தேர்வு: இன்ஸ்டால் செய்யும்போதே மார்க்கை விட்டுவிடாதீர்கள்

ரிசல்ட் வந்துவிட்டது, அரியர் இல்லை. அந்த நிம்மதி இருக்கும்போதே, வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் அடுத்த வருஷம் கிளவுட் லேப் செய்முறைத் தேர்வு எழுதப்போகிறவர்களுக்காக இதை எழுதிவிடுகிறேன். கேள்வி எடுப்பது, ரெக்கார்டு, வைவா எல்லாம் உங்களுக்கே தெரியும். எஸ்3 பக்கெட்டில் (அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸின் ஃபைல் கிடங்கு) ஃபைல் ஏற்றும் புரோகிராம் பத்து வரிதான், அதை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். கோட் சரியாக இருந்தும் 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' என்று நின்று, அவுட்புட் காட்ட முடியாமல் மார்க்கை இழந்தவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. கட்டளைகளை உச்சரிப்புப்படியே எழுதுகிறேன்.

இதில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: வெறும் 'பிப் இன்ஸ்டால்' என்று எப்போதும் அடிக்காதீர்கள். 'பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் போட்டோ3' என்று முழுதாக அடியுங்கள். பிப் என்பது பைத்தான் லைப்ரரிகளை இறக்கி இன்ஸ்டால் செய்யும் கருவி, போட்டோ3 (boto3) ஏடபிள்யூஎஸ்ஸோடு பேசும் லைப்ரரி.

லேப் மெஷின்களில் பல வருஷத்து பைத்தான்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். 'பிப்' என்று அடித்தால் பாத் (கட்டளையை மெஷின் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) வரிசையில் முதலில் அகப்படும் பிப் ஓடும். அது 3.8-உடையதாக இருக்கலாம். 'பைத்தான்' என்று அடித்தால் திறப்பது 3.11-ஆக இருக்கலாம். விஎஸ் கோட் எடிட்டர் மூன்றாவது ஒன்றைப் பிடித்திருக்கும். இன்ஸ்டால் வெற்றி என்றே திரை சொல்லும், ஆனால் லைப்ரரி போய் உட்கார்ந்தது வேறு வீட்டில். '-எம்' போட்டுக் கூப்பிட்டால், 'பைத்தான்' என்று அடித்தால் எது திறக்குமோ அதே பைத்தானின் பிப்தான் ஓடும். புரோகிராமையும் அதே பைத்தானில் ஓட்டுங்கள். சந்தேகம் வந்தால் 'பைத்தான் -எம் பிப் --வெர்ஷன்' அடியுங்கள். எந்த ஃபோல்டர், எந்த பைத்தான் என்று அந்த ஒரே வரியில் தெரியும். விண்டோஸில் 'பை -0' அடித்தால் இருக்கிற பைத்தான்கள் எல்லாம் வரிசையாக வரும்.

அடுத்து வெர்ச்சுவல் என்விரான்மென்ட், சுருக்கமாக வென்வ்: ஒரு புராஜெக்ட்டுக்கு மட்டுமான தனி லைப்ரரி ஃபோல்டர். 'பைத்தான் -எம் வென்வ் .வென்வ்'. பவர்ஷெல்லில் ஆக்டிவேட் செய்தால் ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதி இல்லை என்று சிவப்பில் வரும். பதற வேண்டாம். சாதா கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து அதே ஆக்டிவேட்டை ஓட்டுங்கள். ஆக்டிவேட் செய்யாமல் '.வென்வ்' உள்ளே 'ஸ்கிரிப்ட்ஸ்' ஃபோல்டரில் இருக்கும் பைத்தானை முழுப் பாத் கொடுத்துக் கூப்பிட்டாலும் வேலை நடக்கும். உபுண்டு 23.04-லிருந்து வென்வ் இல்லாமல் சிஸ்டம் பைத்தானில் பிப் ஓட்டினால், 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு' என்று மறுத்துவிடும். அதை உடைக்கும் ஃபிளாகைத் தேடாதீர்கள், வென்வ் போடுங்கள்.

வீட்டில் செய்த .வென்வ் ஃபோல்டரைப் பென் டிரைவில் தூக்கிக்கொண்டு வருவது வீண் வேலை. அதற்குள் உங்கள் வீட்டு மெஷினின் பாத் அப்படியே பதிந்திருக்கும், அது இடம் மாறினால் ஓடாது. எடுத்து வர வேண்டியது வீல் ஃபைல்களை, அதாவது இன்ஸ்டாலுக்குத் தயாராகக் கட்டிய லைப்ரரி பொட்டலங்களை (ரெக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி என்பது வேண்டிய லைப்ரரிகளின் பட்டியல்):

வீட்டில்: 'பைத்தான் -எம் பிப் டவுன்லோட் -ஆர் ரெக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி -டி வீல்ஸ்'
லேபில்: 'பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் --நோ-இண்டெக்ஸ் --ஃபைண்ட்-லிங்க்ஸ் வீல்ஸ் -ஆர் ரெக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி'

லேபில் இருக்கும் அதே பைத்தான் வெர்ஷனில்தான் டவுன்லோட் செய்ய வேண்டும். பைத்தான் 3.9-இல் போட்டோகோர் (போட்டோ3-க்கு அடித்தளமான லைப்ரரி) இணையத் தொடர்புக்கான யுஆர்எல்லிப்3-இன் 1.26 வரிசையைக் கேட்கும், 3.10-லிருந்து 2 வரிசையையும் ஏற்கும். வெர்ஷன் மாறினால் பொருந்தாத வீல் கையில் இருக்கும். கூகுள் கிளவுட் லைப்ரரிகள் சிலவற்றோடு வரும் ஜிஆர்பிசிஐஓ (grpcio) என்ற லைப்ரரி இன்னும் கறார். அது கம்பைல் செய்த வீல், ஒவ்வொரு பைத்தானுக்கும் தனித்தனி. பொருந்தும் வீல் கிடைக்காவிட்டால் பிப் அதை அங்கேயே கம்பைல் செய்யப் பார்க்கும், லேப் மெஷினில் கம்பைலர் இல்லாமல் விழும். ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து ரயிலேறி வருகிறவர்கள் வழியில் மொபைல் டேட்டாவை நம்பி இதைச் செய்ய வேண்டாம். போட்டோகோர் வீல் மட்டுமே பத்து எம்பிக்கு மேல், முந்தின இரவே முடித்துவிடுங்கள்.

வெர்ஷன் மோதலில் அதிகம் தலைகாட்டுவது ஏடபிள்யூஎஸ் சிஎல்ஐ, அதாவது கட்டளை அடித்து ஏடபிள்யூஎஸ்ஸை இயக்கும் கருவி. பிப் வழியாக வருவது அதன் பழைய 1-ஆம் வெர்ஷன். அது போட்டோகோரின் ஒரே ஒரு வெர்ஷனைத்தான் ஏற்கும். அதே வென்வில் பிறகு போட்டோ3-ஐ அப்கிரேடு செய்தால் போட்டோகோர் நகர்ந்துவிடும், சிஎல்ஐ உடையும். பிப் சிவப்பில் எச்சரித்துவிட்டு இன்ஸ்டாலை முடித்துவிடும், யாரும் அதைப் படிப்பதில்லை. 'பைத்தான் -எம் பிப் செக்' அடித்தால் எது எதோடு மோதுகிறது என்று தெரியும். இரண்டும் வேண்டுமென்றால் ஒரே கட்டளையில் சேர்த்துக் கொடுங்கள், பிப் இரண்டுக்கும் ஒத்த வெர்ஷனைத் தேடும். என் யோசனை: சிஎல்ஐ 2-ஐ அதற்கான இன்ஸ்டாலரில் தனியாகப் போடுங்கள். அது பிப்பில் வராது, மோதவும் மோதாது.

சின்னச் சின்னதாய்ச் சில:

- உங்கள் ஃபைலுக்கு போட்டோ3.பிஒய் என்று பெயர் வைக்காதீர்கள். பைத்தான் உங்கள் ஃபைலையே லைப்ரரி என்று எடுத்துக்கொள்ளும், 'கிளையண்ட்' இல்லை என்று எர்ரர் வரும்.
- மைக்ரோசாஃப்ட் கிளவுடுக்கான வெறும் 'அஷ்யூர்' பேக்கேஜ் கைவிடப்பட்டது. 'அஷ்யூர்-ஐடென்டிட்டி', 'அஷ்யூர்-ஸ்டோரேஜ்-பிளாப்' என்று தனித்தனியாகப் போடுங்கள்.
- புரோட்டோபஃப் (கூகுள் லைப்ரரிகள் தரவை அனுப்பப் பயன்படுத்தும் லைப்ரரி) 4 வந்தபின் பழைய கூகுள் கோடில் டிஸ்கிரிப்டர் எர்ரர் வந்தால், புரோட்டோபஃபை 3.20 வரிசைக்கு இறக்கினால் தேர்வு நேரத்துக்குப் போதும்.
- 'நோ கிரெடென்ஷியல்ஸ்' (கிளவுட் கணக்கின் சாவி கிடைக்கவில்லை) எர்ரருக்கும் இன்ஸ்டாலுக்கும் சம்பந்தம் இல்லை. லைப்ரரியை அழித்து மறுபடி போட்டு நேரத்தைக் கரைக்காதீர்கள்.

பைத்தானுக்குப் பதில் நோட்.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட்) எடுத்தவர்களுக்கு: அங்கே பிப் போல இருப்பது என்பிஎம். 'என்பிஎம் இன்ஸ்டால்' லாக் ஃபைலை (எந்த வெர்ஷன் என்று பூட்டி வைத்த பட்டியலை) மாற்றக்கூடும். 'என்பிஎம் சிஐ' மாற்றாது. நோட் மாட்யூல்ஸை முழுக்க அழித்துவிட்டு லாக்கில் உள்ளதை மட்டும் போடும், பேக்கேஜ் ஃபைலும் லாக்கும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். இந்த வித்தியாசம் வைவாவுக்கு ஏற்ற கேள்வி. தொப்பிக் குறியும் (^) அப்படித்தான்: 1.2.3-க்கு முன் போட்டால் 2.0.0-க்குக் கீழே எதுவும் வரலாம், 0.2.3-க்கு முன் போட்டால் 0.3.0-க்குக் கீழே மட்டும். ஜாவாஸ்கிரிப்டுக்கான பழைய ஏடபிள்யூஎஸ் எஸ்டிகே 2-க்கு 2025 செப்டம்பரோடு ஆதரவு முடிந்தது. சீனியர் ரெக்கார்டில் அது இருந்தாலும் 'கிளையண்ட்-எஸ்3' போடும் 3-ஆம் வெர்ஷனில் எழுதுங்கள்.

லாம்ப்டா லேயர் (ஏடபிள்யூஎஸ்ஸில் ஃபங்ஷன்களை ஓட்டும் லாம்ப்டாவுக்கு லைப்ரரிகளை ஜிப்பாகக் கொடுப்பது) கேள்வி வந்தால்: ஜிப்புக்குள் மேல் ஃபோல்டரின் பெயர் 'பைத்தான்' என்றே இருக்க வேண்டும். விரித்தபின் ஃபங்ஷனும் லேயர்களும் சேர்ந்து 250 எம்பியைத் தாண்டக்கூடாது. போட்டோ3 அங்கே ஏற்கெனவே இருக்கிறது.

தேர்வன்று பென் டிரைவை உள்ளே விட மாட்டார்கள். வீல்ஸ் ஃபோல்டரை முந்தின நாளே லேப் இன்சார்ஜிடம் காட்டி, அனுமதி வாங்கி, உங்கள் மெஷினில் போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். மெஷின் நம்பரையும் 'பைத்தான் -எம் பிப் --வெர்ஷன்' காட்டும் வரியையும் குறித்து வையுங்கள். தேர்வன்று வேறு மெஷின் கொடுத்தால் முதலில் அடிக்க வேண்டியது அந்த வரிதான்.