20 மில்லிமீட்டர் துளையும் ஒற்றை சிலிண்டரும்: எஞ்சின் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 4

எஞ்சின் முடிவாகிவிட்டது. கேடிஎம் 390 பைக்கின் ஒற்றை சிலிண்டர்: 373.2 சி.சி., போர் (சிலிண்டரின் விட்டம்) 89 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 60 மி.மீ. கம்பெனி சொல்லும் திறன் 9000 ஆர்.பி.எம்.-இல் 43.5 பி.எஸ். (குதிரைத்திறன்). ஆனால் கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய பந்தய வண்டியோடு மோதும் ஃபார்முலா பாரத் போட்டியில் அது அப்படியே கிடைக்காது. எஞ்சினுக்குள் போகிற காற்று மொத்தமும் 20 மி.மீ. வட்டத் துளை ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. அந்த ரெஸ்ட்ரிக்டர் வந்துவிட்டால் பைக்கோடு வந்த இன்டேக் (காற்று உள்ளே போகும் வழி) உதவாது. காற்றைத் தேக்கும் பிளீனம், அதிலிருந்து சிலிண்டர் ஹெட்டுக்குப் போகும் ரன்னர் குழாய், சைலன்சர் எல்லாமே நாங்கள் செய்ய வேண்டியவை.

ஒவ்வொரு அளவிலும் ஒன்று செய்து, திறனை அளக்கும் டைனோவில் ஏற்றிப் பார்க்கப் பணமும் இல்லை, நாளும் இல்லை. அதனால் எஞ்சினை முதலில் கணினியில் ஓட்டப் போகிறோம். அதற்கான மென்பொருள், ரிக்கார்டோ வேவ், கல்லூரியில் இருக்கிறது.

ஆகஸ்ட் 6

மென்பொருளைத் திறக்கும் முன் கையால் ஒரு கணக்கு. துளையின் தொண்டையில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு உறிஞ்சினாலும் அளவு கூடாது. கடல் மட்டத்தில், 27 டிகிரி வெப்பத்தில், 20 மி.மீ. துளைக்கு அந்த உச்சவரம்பு நொடிக்குச் சுமார் 74 கிராம். கோயம்புத்தூர் 400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. 35 டிகிரி வெயிலையும் சேர்த்தால் 70 கிராம்தான் தேறும்.

இப்போது எஞ்சின் கேட்பது எவ்வளவு? 9000 ஆர்.பி.எம்.-இல் நொடிக்கு 75 முறை சிலிண்டர் நிரம்ப வேண்டும். 28 லிட்டர், அதாவது ஏறக்குறைய 31 கிராம். உச்சவரம்பில் பாதிகூட இல்லை! இதை வைத்துத்தான் சிலர் "390-க்கு ரெஸ்ட்ரிக்டர் ஒரு பொருட்டே இல்லை" என்கிறார்கள்.

அந்த 31 கிராம் வெறும் சராசரி. 720 டிகிரி சுழற்சியில் இன்டேக் வால்வு திறந்திருப்பது 250 டிகிரி அளவுக்குத்தான். முழுக் காற்றும் அந்த நேரத்துக்குள் போயாக வேண்டும் என்றால் வேகம் நொடிக்குச் சுமார் 89 கிராம் ஆகிறது. துளை 70-க்கு மேல் விடாது. நான்கு சிலிண்டர் எஞ்சின் மாறி மாறி உறிஞ்சும். ஒற்றை சிலிண்டர் ஒரே மடக்காகக் குடித்துவிட்டு நெடுநேரம் சும்மா இருக்கும். சும்மா இருக்கும் நேரத்திலும் துளை வழியே காற்று வந்து சேர ஓர் இடம் வேண்டும். பிளீனத்தின் வேலையே அதுதான். எவ்வளவு பெரிதாக வைப்பது என்பது சராசரிக் கணக்கில் பிடிபடாது. டிகிரி டிகிரியாகப் பார்க்க வேண்டும். எனக்கு இந்த மென்பொருள் பிடித்துப்போனது இதற்காகத்தான்.

ஆகஸ்ட் 17

இரண்டு வாரமாக அளவெடுப்புதான். வால்வுக்கு மேல் டயல் கேஜ், கிராங்கில் டிகிரி வீல், ஐந்து டிகிரிக்கு ஒருமுறை லிஃப்ட் (வால்வு எழும் உயரம்) குறித்துக்கொண்டோம். ஹெட்டைக் கவிழ்த்து அக்ரிலிக் தகட்டை மூடி ப்யூரெட்டால் மண்ணெண்ணெய் விட்டு, பிஸ்டன் மேலிருக்கும்போது மிஞ்சும் இடத்தையும் கணக்கிட்டோம். 32 சி.சி. பக்கம். கம்ப்ரஷன் விகிதம் 12.6. இதில் ஒரே ஒரு சி.சி. கூடினாலும் விகிதம் 12.2-க்கு இறங்கிவிடும். அதனால் பொறுமையாகத்தான் செய்ய வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஹெட் வழியே காற்றை ஓட்டி அளக்கும் ஃப்ளோ பெஞ்ச். ஒவ்வொரு லிஃப்டிலும் போர்ட் (ஹெட்டிலுள்ள காற்று வழி) உண்மையில் எவ்வளவு காற்று விடுகிறது என்ற பட்டியல் இல்லாவிட்டால் மென்பொருள் தன்னிடமிருக்கும் பொதுவான எண்ணைப் போட்டுக்கொள்ளும். அப்புறம் கிடைக்கும் விடை வேறு யாருடைய எஞ்சினுக்கோ உரியது.

கோவை கணபதியில் எங்களுக்கு லேத் வேலை செய்து தரும் அண்ணா வந்து பார்த்தார். "ஏந்தம்பி, இத்தனையும் போட்டா கம்ப்யூட்டரு பவரு சொல்லிருமுங்களா?" என்றார். "சொல்லுமுங்கண்ணா, ஆனா முதல்ல கம்பெனி எஞ்சினை சரியா சொல்லுதான்னு பாத்துட்டுத்தான் நம்புவோம்" என்றேன். "அதுதான் சரி" என்று சொல்லிவிட்டு டிகிரி வீலைத் தானே திருப்பிப் பார்த்தார்.

ஆகஸ்ட் 30

முதல் ஓட்டம், ரெஸ்ட்ரிக்டர் இல்லாமல் கம்பெனி வடிவத்தில். எரிதலுக்கு வீபே சமன்பாடு, சுவருக்குப் போகும் வெப்பத்துக்கு வோஷ்னி, உராய்வுக்கு சென்-ஃப்ளின். மூன்றுமே பழையவை, இன்றும் நம்பகமானவை. உச்சத்தில் 46 பி.எஸ். காட்டியது. வளைவின் வடிவம் சரி, உயரம்தான் கொஞ்சம் அதிகம். உராய்வு எண்களை இந்த எஞ்சினுக்கு ஏற்பத் திருத்தியதும் 43-க்கு வந்தது. உச்சத்தை மட்டும் இழுத்துப் பொருத்தினால் போதாது. 4000-இலிருந்து 9500 வரை முழு வளைவும் ஒட்ட வேண்டும். ஒட்டியது.

இன்னொரு சோதனையும் செய்துவிடுவது என் வழக்கம். இந்த எஞ்சினின் 35 நியூட்டன் மீட்டர் சுழற்று விசையை, அதாவது டார்க்கைக் கொள்ளளவுக்குப் பிரித்தால் சராசரி அழுத்தம் 11.8 பார். டர்போ இல்லாத சாலை வண்டிக்கு இது நல்ல எண். நாளை ஏதோ ஒரு குழாய் மாற்றத்துக்கு மென்பொருள் 16 பார் காட்டினால் கொண்டாடாமல் மாடலைத் தோண்ட வேண்டும்.

செப்டம்பர் 15

ரெஸ்ட்ரிக்டரும் பிளீனமும் சேர்த்தாயிற்று. ஒரு லிட்டர் பிளீனத்தில் 7000-க்கு மேல் டார்க் சரிந்துவிட்டது. ஒவ்வொரு மடக்கின்போதும் பிளீனம் வற்றுவது திரையில் அப்படியே தெரிகிறது, துளையும் அந்தக் கணத்தில் அடைத்துக்கொள்கிறது. மூன்று லிட்டருக்கு உயர்த்தியபோது துளை வழி ஓட்டம் ஏறக்குறைய நேர்க்கோடாகி, 8200-இல் 38 பி.எஸ். கிடைத்தது. அதற்கு மேல் பெரிதாக்கினால் ஆதாயம் அற்பம். த்ராட்டிலைத் திறந்ததும் பிளீனம் நிரம்பக் காத்திருக்க வேண்டிய நேரம்தான் கூடும். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் எங்கள் வண்டிகளுக்குப் போடும் பாதை முழுக்க வளைவுகள். மூன்று லிட்டர் போதும்.

(அந்தப் பாதைக்குப் பெயர் தந்த கரிவர்தன், மாருதி 800 எஞ்சினை வைத்தே ஃபார்முலா கார் கட்டியவர். கிடைக்கும் எஞ்சினிலிருந்து பந்தய வண்டி எடுப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல.)

செப்டம்பர் 23

ரன்னர் நீளம். பிஸ்டன் வேகமாக இறங்கும்போது கிளம்பும் உறிஞ்சல் அலை பிளீனத்தின் வாயை அடைந்து அழுத்த அலையாகத் திரும்புகிறது. வால்விலிருந்து 350 மி.மீ. என்றால் போய்வர 2 மில்லி விநாடி. 7500 ஆர்.பி.எம்.-இல் அதற்குள் கிராங்க் 90 டிகிரி சுழன்றிருக்கும். அலை திரும்பும்போது பிஸ்டன் அடியை நெருங்கிவிட்டது, வால்வு இன்னும் திறந்திருக்கிறது, கூடுதல் காற்று உள்ளே தள்ளப்படுகிறது. குழாயை நீட்டினால் இந்தப் பயன் குறைந்த ஆர்.பி.எம்.-க்கு நகரும். நாங்கள் 350-லேயே நின்றோம். உச்சத் திறனில் அரை பி.எஸ். விட்டுக்கொடுத்து 6000–8000 வரம்பைக் கெட்டியாக்கிக்கொண்டோம். வளைவிலிருந்து வெளியேறும் ஓட்டுநருக்கு வேண்டியது அதுதான்.

அக்டோபர் 19

டைனோ நாள். இதே டைனோவில் மாற்றம் செய்யாத பைக் முன்பே ஓடியிருக்கிறது. சக்கரத்தில் 38 பி.எஸ். மாடல் சொன்ன 43-இல் 88 சதவீதம், மீதி கியரிலும் செயினிலும் டயரிலும் போகிறது. அதே விகிதத்தில் புது வடிவத்துக்கு 33.4 எதிர்பார்த்தோம். வந்தது 32.6. உச்சம் 8100-இல்.

எல்லோரும் கத்தினார்கள், நானும்தான். ஆனால் 5500 பக்கத்தில் டார்க் மாடலைவிட 2 நியூட்டன் மீட்டர் குறைவு. மாடலில் எல்லா வேகத்துக்கும் ஒரே கலவை விகிதம். டைனோவில், எக்ஸாஸ்டில் கலவையை அளக்கும் லாம்டா சென்சர் அந்த இடத்தில் பெட்ரோல் மிக அதிகம் என்று காட்டியது. எந்த வேகத்துக்கு எவ்வளவு பெட்ரோல் என்று சொல்லும் எரிபொருள் மேப் அங்கே இன்னும் திருத்தப்படாதது. நாளை காலை அந்தப் பகுதியில் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்து மறுபடி ஓட்டுகிறோம். குறை அப்படியே நின்றால் அடுத்து எக்ஸாஸ்ட் குழாயின் நீளம்.