சிறைக்குள் டிபி மாத்திரை போய்ச் சேர நாங்கள் பட்ட பாடு

தம்பி ஜாமீனில் வந்துவிட்டான். மாத்திரையையும் விடாமல் சாப்பிடுகிறான். வழக்கைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை, அதை கோர்ட் பார்த்துக்கொள்ளும். கைதானபோது அவன் காசநோய் சிகிச்சையின் இரண்டாவது மாதத்தில் இருந்தான். அந்த மாத்திரைக்காக அலைந்ததை மட்டும் சொல்கிறேன். சுகர், வலிப்பு, மனநலம் என்று தினமும் மருந்து சாப்பிடுகிற ஒருவர் உங்கள் வீட்டிலிருந்து ரிமாண்டுக்குப் போக நேர்ந்தால் உதவும்.

சாதாரண டிபிக்கு ஆறு மாதக் கோர்ஸ். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு மூன்று. நடுவில் விட்டுவிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும் ஆபத்து உண்டு. அப்புறம் வேறு மருந்து, வேறு சிகிச்சை. எங்கள் பதற்றமெல்லாம் அதனால்தான்.

கிளைச் சிறை வாசலில் மாத்திரை அட்டையை நீட்டினேன். வார்டர் கையில் வாங்கவே இல்லை. "வெளி மருந்து உள்ளே போகாதும்மா. டாக்டர் வந்தா பார்ப்பாரு." கிளைச் சிறைகளில் பெரும்பாலும் முழுநேர டாக்டர் கிடையாது. பக்கத்து அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால்தான் உண்டு. யார் எதைக் கொடுத்தாலும் உள்ளே விட முடியாது என்பது எனக்கும் புரிகிறது. சரி, வாங்கி வைத்து டாக்டரிடமாவது கொடுங்கள் என்றேன். அதற்கும் தலையாட்டவில்லை.

அங்கிருந்து டிபி மையம். "பேஷண்ட் நேர்ல வரணும், இல்லைன்னா ஜெயில்லேர்ந்து லெட்டர் வேணும்" என்றார் அங்கிருந்த ஊழியர். ஜெயிலில் கேட்டால், "டிபி ஆபீஸ் லெட்டர் இருந்தா கொண்டாங்க" என்கிறார்கள். இப்படி நான் பஸ் மாறி பஸ் ஏறிக்கொண்டிருந்தபோதே அவனை மத்திய சிறைக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டுக்குத் தகவல் இல்லை. மனு பார்க்க, அதாவது அவனை நேரில் சந்தித்துப் பேச, போன இடத்தில்தான் தெரிந்தது.

மத்திய சிறையில் மனு பார்க்கும் இடம் ஒரே இரைச்சல், ஆளாளுக்குக் கத்திப் பேசுகிறார்கள். "மாத்திரை தர்றாங்களாடா?" என்று கேட்டேன். டிபி என்று வாய்விட்டுச் சொல்ல அவனுக்குப் பயம், பக்கத்தில் நிற்பவன் காதில் விழுந்தால் பிளாக்கில் ஒதுக்கிவிடுவார்கள். குரலைத் தாழ்த்தி, "அக்கா, இப்பல்லாம் கலரா போகல" என்றான். டிபி மருந்துகளில் ஒன்றான ரிபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். அந்த நிறம் போய்விட்டது என்றால் மாத்திரை நின்றுவிட்டது என்று அர்த்தம். எனக்கு அங்கேயே கை நடுங்கியது.

வெளியே வந்ததும் 15100-க்கு போன் போட்டேன். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச எண் அது. காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச சட்ட உதவி உண்டு. 1987-ஆம் வருடச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் இருக்கிறது. தயங்காமல் கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்த வக்கீல் அம்மா எடுத்த எடுப்பில், "நிக்‌ஷய் ஐடி இருக்கா?" என்றார். டிபி நோயாளியைப் பதிவு செய்யும்போது அரசு கொடுக்கும் எண் அது. சிகிச்சை அட்டையிலேயே இருந்தது. நாடு முழுக்க அந்த ஒரே எண்தான். நோயாளி எந்த ஊருக்குப் போனாலும், எந்தச் சிறைக்குப் போனாலும், அந்தப் பகுதி மையத்துக்குக் கம்ப்யூட்டரிலேயே மாற்றிவிடலாம். டிபி மையத்து ஊழியர் இந்த ஒரு வார்த்தையை முதலிலேயே சொல்லியிருந்தால் தம்பிக்கு மருந்து நின்றிருக்காது. இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

ரிமாண்டை 15 நாளுக்கு ஒருமுறை நீட்டிப்பார்களே, அந்த நாளில் வக்கீல் மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டார். சளிப் பரிசோதனை முடிவு, சிகிச்சை அட்டை நகல், நிக்‌ஷய் எண் எல்லாம் இணைத்தோம். உடனே சிகிச்சை கொடுத்து அறிக்கை தரும்படி சிறைக் கண்காணிப்பாளருக்கு உத்தரவு ஆனது. அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. சிறை மருத்துவர் நல்ல மனிதர். எடையைப் பொறுத்துத்தான் மாத்திரை எண்ணிக்கை என்பதால் எடை பார்த்தார், சளியை மறுபடி சோதனைக்கு அனுப்பினார், அவனோடு ஒரே அறையில் படுத்திருந்தவர்களுக்கு இருமல் இருக்கிறதா என்றும் விசாரித்தார். எக்ஸ்ரேதான் இழுத்தது. வெளி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வழிக்காவல் போலீஸ் வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஆள் இல்லை என்ற பதில். உங்கள் மனுவில் வழிக்காவலையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள்.

கைதானவரை ரிமாண்டுக்கு முன்னால் அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் காட்ட வேண்டும். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் அது 53-ஆவது பிரிவில் இருக்கிறது. தம்பி அங்கே டிபி என்று சொல்லியிருக்கிறான். காயம் உண்டா என்று மட்டும் பார்த்து எழுதிவிட்டு அனுப்பிவிட்டார்கள். அங்கேயே சீட்டில் எழுத வையுங்கள். மாஜிஸ்திரேட் முன்னாலும் சொல்லச் சொல்லுங்கள், சிறையில் சேர்க்கும்போது நடக்கும் பரிசோதனையிலும் சொல்ல வேண்டும். எழுத்தில் ஏறாத நோய்க்கு உள்ளே மருந்து வராது. சிகிச்சை அட்டையைப் போனில் படமெடுத்து வைத்திருங்கள். எங்களை அதுதான் காப்பாற்றியது.

ஜாமீன் கிடைத்த பிறகும் ஒரு சிக்கல் இருக்கிறது. சூரிட்டி முடிந்து உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர இருட்டிவிட்டது. கையில் ஒரு மாத்திரைகூட இல்லாமல் வெளியே வந்தான். ஜாமீன் வரும் என்று தெரிந்ததுமே, சில நாளுக்கான மாத்திரையைக் கொடுத்தனுப்பும்படி சிறை மருந்தாளுநரிடம் முன்கூட்டியே கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.

மறுநாள் காலை டிபி மையம் திறந்ததும் தம்பியோடு போய் நின்றேன். அதே ஊழியர் மறுபடி, "ஜெயில் லெட்டர் எங்கே?" என்றார். நிக்‌ஷய் எண்ணைச் சொல்லி, கம்ப்யூட்டரில் பாருங்கள், எங்கள் பகுதிக்கு மாற்றிக் கொடுங்கள் என்றேன். பார்த்தார். மாற்றினார். மாத்திரையோடுதான் திரும்பினோம்.