மாதுளங்கோதும் அகார் தட்டும்

வயிற்றோட்டத்துக்கு மாதுளங்கோதை அவித்துக் குடிப்பது பழைய கைமருந்து. அதை ஆய்வுகூடத்தில் சோதிக்கும்போது முதல் பிழை உலர்த்துவதிலேயே வரும். திருகோணமலையில் கார்த்திகை, மார்கழி மழைக்குள் கோதை நிழலில் பரப்பினால், உட்புற வெள்ளைப் பகுதியில் சாம்பல் நிறப் பூஞ்சணம் பிடிக்கும். அதற்குப் பிறகு அளப்பது மாதுளையை மட்டுமல்ல. 40 பாகை செல்சியஸ் உலர்த்தியில், வளைத்தால் 'டக்'கென்று முறியும்வரை வையுங்கள்.

10 கிராம் தூளை 100 மில்லிலீற்றர் 70% எதனோலில் 24 மணித்தியாலம் ஊறவிட்டு, வடிகட்டி, எதனோலை ஆவியாக்குங்கள். இன்னொரு பங்கைத் தண்ணீரிலும் காய்ச்சி வையுங்கள். சனங்கள் குடிப்பது கசாயத்தைத்தானே!

பக்டீரியாவைப் பூசிய, 4 மில்லிமீற்றர் தடிப்பான முல்லர்-ஹின்டன் அகாரில் (பக்டீரியா வளர்க்கும் கூழ் ஊடகம்) சாற்றை இட 6 மில்லிமீற்றர் குழிகள் போதும். சாறு பக்டீரியாவைத் தடுத்தால், குழியைச் சுற்றி வளர்ச்சியில்லாத வளையம் தெரியும். கரைப்பான் மட்டும் இட்ட குழி ஒன்று கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் மிச்ச எதனோல் உண்டாக்கிய வளையத்தை மருந்தின் வேலை என்று நம்பிவிடுவோம்.

கோதிலுள்ள துவர்ப்புப் பொருளான தனின் அகாரில் மெதுவாகத்தான் பரவும். ஆகவே வளையம் சின்னது என்று சாற்றை ஒதுக்காதீர்கள். திரவ ஊடகத்தில் படிப்படியாக ஐதாக்கி, பக்டீரியாவின் வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த செறிவைத் தேடுங்கள். சாறு கபில நிறம் என்பதால் கலங்கலைக் கண்ணால் மட்டும் தீர்மானிக்க முடியாது; ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு துளியைப் புதிய அகாரில் தீற்றிப் பார்க்க வேண்டும்.

ஈ.கோலை என்ற குடல் பக்டீரியாவுக்கு வந்த வளையம் ரோட்டா வைரசு ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பிள்ளைக்கு ஓட்டம் என்றால் முதலில் ஜீவனி (வாய்வழி நீரேற்றக் கரைசல்) கொடுங்கள். கசாயம் அதற்கு மாற்று அல்ல.