ஏற்றத்தில் திணறி வெடித்த பழைய ஜிப்ஸி: பம்ப் மாற்றும் முன் எர்த்தை அளந்து பாருங்கள்

பழைய எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோல் இன்ஜெக்ஷன்) மாருதி ஜிப்ஸி ஏற்றத்தில் திணறி, ஏர் கிளீனர் பக்கம் ‘டப்’பென்று வெடித்தால் பட்டறையில் என்ன வரிசையில் சொல்வார்கள் என்பது தெரிந்ததுதான். முதலில் பிளக், பிறகு ஹெச்.டி. ஒயர் (பிளக்குக்கு உயர் வோல்டேஜ் கொண்டுபோவது), காயில், இன்ஜெக்டர் கிளீனிங், கடைசியாகப் பெட்ரோல் பம்ப். எங்கள் வண்டிக்கும் அதே வரிசையில் பில் ஏறியது. ஒன்றிலும் தீரவில்லை. கோளாறு பம்பின் எர்த்தில், அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பில்; தீர்த்து வைத்தது ஒரு துண்டு உப்புத்தாளும் ஒரு புது போல்ட்டும். போன பணம் இன்னும் உறுத்துகிறது.

சமதளத்தில் வண்டி நன்றாகவே ஓடும். ஐடிலில் ஒரு குறையும் இல்லை. மேட்டுப்பாளையம்–ஊட்டி மலைப்பாதையில் கல்லாரைத் தாண்டி ஏற ஆரம்பித்து, மூன்றாவது கியரில் ஆக்ஸிலேட்டரை முக்கால்வாசி அழுத்தினால் இழுவை அறுந்துவிடும். பர்லியாறுக்கு மேல் மூடுபனி இறங்கினாலோ மழை பிடித்தாலோ இன்னும் மோசம். இந்த மழைத் தொடர்புதான் பார்த்தவர்கள் எல்லோரையும் திசை திருப்பியது. ஈரம் என்றதும் ஹெச்.டி. ஒயர் லீக் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அடிவாரப் பட்டறையில் வண்டியை நிறுத்திவைத்து ரேஸ் பண்ணிப் பார்த்துவிட்டு, “ஸ்மூத்தா இருக்கு சார், எடுத்துட்டுப் போங்க” என்றார்கள். கல்லாரைத் தாண்டி ஏற்றி ஓட்டிப் பாருங்கள் என்று கேட்டதற்கு ஆள் இல்லை என்று பதில். நிற்கிற வண்டியை எவ்வளவு முறுக்கினாலும் எஞ்சினுக்குச் சுமை கிடையாது, பெட்ரோலும் அதிகம் தேவைப்படாது. ஏற்றத்தில் வரும் கோளாறை ஏற்றத்தில்தான் அளக்க முடியும். இதற்கு ஒப்புக்கொள்ளாத பட்டறையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.

முதலில் வெடிப்பு எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஏர் கிளீனர் பக்கம் என்றால் பெரும்பாலும் பெட்ரோல் குறைந்து கலவை லீனாகிறது. லீன் கலவை மெதுவாக எரியும். இன்டேக் வால்வு மறுபடி திறக்கும்போதும் உள்ளே நெருப்பு மிச்சமிருந்தால் இன்டேக் மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயில்) இருக்கும் கலவையும் பற்றிக்கொள்ளும். டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருந்தாலும், ஹெச்.டி. ஒயரை மாற்றி மாட்டியிருந்தாலும் இதே பக்கம்தான் வெடிக்கும். சைலன்சர் பக்கம் வெடித்தால் எரியாத பெட்ரோல் அங்கே போகிறது என்று பொருள்: பிளக் மிஸ்ஸிங், தாமதமான டைமிங், எக்ஸாஸ்ட் ஜாயின்ட்டில் ஏர் இழுப்பது. எங்கள் வண்டியில் வெடித்தது ஏர் கிளீனர் பக்கம். டைமிங் மார்க் சரியாக இருந்தது.

ஹெச்.டி. ஒயர் சந்தேகத்தைத் தீர்க்க ராத்திரி இருட்டில் பானட்டைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது ஒயர்கள் மேல் ஸ்பிரே பாட்டிலால் மெல்லிய தண்ணீர்த் தூவல் அடித்தால் போதும். லீக் இருந்தால் நீலப் பொறி கண்ணுக்குத் தெரியும். கை தூரத்தில் இருக்கட்டும். எங்கள் வண்டியில் ஒரு பொறிகூட இல்லை. ஓசிச் சோதனை, இதைச் செய்யாமலேதான் ஒயர் செட்டுக்குப் பில் போட்டிருந்தார்கள்.

அடுத்தது எம்.ஏ.பி. சென்சார், இன்டேக் மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளப்பது. மலையில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் இந்த சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டும். மேட்டுப்பாளையத்தில் அது 97, 98 கிலோபாஸ்கல். சுமார் 1,850 மீட்டர் உயரக் குன்னூரில் 81 அளவில், 2,240 மீட்டர் உயர ஊட்டியில் 77 அளவில் வரும். ஊட்டியில் எடுத்த 77-ஐ வாட்ஸப்பில் பார்த்த ஒரு பார்ட்ஸ் கடையில், “100 வரணும், சென்சார் போச்சு” என்று புதுசைத் தலையில் கட்டிவிட்டார்கள். புதியதும் அதே 77-ஐத்தான் காட்டியது, ஊட்டியில் காற்றே அவ்வளவுதான். 100 காட்டியிருந்தால்தான் சென்சார் பழுது. இன்டேக்கின் உறிஞ்சலை பாதரச அங்குலத்தில் காட்டும் வேக்குவம் கேஜுக்கும் இதே கணக்கு: சமவெளியில் ஐடிலில் 18 முதல் 20 அங்குலம் வந்தால் நல்ல எஞ்சின், அதே எஞ்சின் ஊட்டியில் 11 முதல் 13 காட்டும். 12-ஐப் பார்த்துவிட்டு ஏர் இழுக்கிறது, வால்வு போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கோளாறு பிடிபட்டது பெட்ரோல் பிரஷர் அளந்தபோது. முதலில் பம்ப் ரிலேவைக் கழற்றி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு லைனில் உள்ள பிரஷரை இறக்க வேண்டும். பிறகு டி-ஜாயின்ட் போட்டு கேஜ் மாட்ட வேண்டும். இன்ஜெக்ஷன் வண்டிக்கென்றே வரும் ஹோஸும் நல்ல கிளிப்பும் கட்டாயம். கார்பரேட்டர் வண்டி ஹோஸ் மூன்று கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) பிரஷரில் கழன்று சூடான எஞ்சின் மேல் பெட்ரோலைக் கொட்டும். கேஜை விண்ட்ஷீல்டுக்கு வெளியே கட்டுங்கள், கேபினுக்குள் கொண்டுவரவே கூடாது. ஒருவர் ஓட்ட, இன்னொருவர் கேஜைப் பார்க்க வேண்டும். தீயணைப்பான் காலடியில் இருக்கட்டும்.

எஞ்சின் ஓடாமல் பம்ப் மட்டும் ஓடும்போது 2.7-லிருந்து 3.1 கிலோ வரவேண்டும். ஐடிலில், பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கு வேக்குவம் கிடைப்பதால் அரை கிலோ வரை குறையும். மலை மேலே வேக்குவமே குறைவு என்பதால் இறக்கமும் சற்றுக் குறைவாக இருக்கும். ஏற்றத்தில் முழுசாக அழுத்தும்போது வேக்குவம் ஏறக்குறைய போய்விடும், ஆகவே முள் மறுபடி மூன்றை ஒட்டி நிற்க வேண்டும். எங்கள் கேஜில் ஐடிலில் பழுதில்லை. காட்டேரி ஏற்றத்தில் முள் 1.7-க்கு இறங்கியது, இறங்கிய நொடியில் ‘டப்’.

உடனே பட்டறையில் பம்ப் மாற்றச் சொன்னார்கள். டேங்கை இறக்கும் வேலை, கூலியும் அதற்குத் தகுந்தாற்போல். பம்ப் பலவீனமா, பம்புக்கு வரும் கரண்ட் பலவீனமா என்று யாருமே கேட்கவில்லை. டேங்க் பக்கத்துக் கப்ளரின் பின்புறம் மல்டிமீட்டர் ஊசியைச் செருகி, எஞ்சினை ஓடவிட்டு அளந்தோம். பேட்டரியில் 13.6 வோல்ட். பேட்டரி பிளஸ்ஸுக்கும் பம்ப் பிளஸ்ஸுக்கும் இடையே இழப்பு 0.4, அது பரவாயில்லை. பம்ப் எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே 1.4. அங்கே 0.2-க்கு மேல் வந்தாலே தப்பு. அடுத்து ஹெட்லைட், டெயில் லைட் சுவிட்சைப் போட்டதும் அது 3.1-க்குத் தாவியது. அதாவது பம்புக்குக் கிடைப்பது வெறும் பத்து வோல்ட்.

மழை ரகசியம் அங்கேதான் உடைந்தது. பின் லைட்டுகளும் பம்பும் சேஸிஸில் ஒரே போல்ட்டில் எர்த் ஆகின்றன. மூடுபனி வந்தால் லைட் போடுவோம், அந்தக் கரண்டும் அதே துருவேறிய போல்ட் வழியாகத் திரும்ப முயலும், பம்ப் சோர்ந்துவிடும். ஈரத்துக்கும் பிளக்குக்கும் சம்பந்தமே இல்லை. வெயில் நாளில் லைட் போட்டு ஏற்றிப் பார்த்தோம், அதே வெடிப்பு.

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், டேங்க் பக்கம் பொறி ஆகாது. போல்ட்டைத் திருகியபோது தலை கையோடு வந்துவிட்டது. எர்த் லக்குக்கும் (ஒயர் நுனியில் போல்ட் மாட்டும் வளையம்) சேஸிஸுக்கும் நடுவே காய்ந்த காபித்தூள் நிறத்தில் துரு, லக்கில் பாதி தின்றே போயிருந்தது. வெளிப்பார்வைக்கு அண்டர்கோட்டிங் அழகாக மூடியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, புது லக் கிரிம்ப் செய்து, ஸ்டார் வாஷருடன் புது போல்ட் போட்டு, மேலே பெட்ரோலியம் ஜெல்லி பூசினோம். போதாததற்கு 2.5 சதுர மில்லி மீட்டர் ஒயரில் பம்புக்குத் தனியாக ஓர் எர்த்தும் இழுத்தோம். லைட் போட்டாலும் இப்போது இழப்பு 0.1-தான். அதே காட்டேரி ஏற்றத்தில், மழையில், லைட்டோடு, முள் 2.9-ஐ விட்டு அசையவில்லை. பம்ப் பழையதேதான்.

வோல்டேஜ் சரியாக இருந்தும் பிரஷர் இறங்கினால் வெளி ஃபில்டர், அடுத்து டேங்குக்குள் இருக்கும் வலை ஃபில்டர், அதற்கும் பிறகே பம்ப். ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள்; உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டயஃபிரம் கிழிந்திருக்கிறது. பிரஷரும் இறங்காமல் நின்று, திணறல் ஆக்ஸிலேட்டரின் ஒரே இடத்தில் மட்டும் வந்தால், த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் டி.பி.எஸ். சென்சாரில் முள் மீட்டரை மாட்டி, த்ராட்டிலை மெதுவாகத் திறந்து பாருங்கள், தேய்ந்த இடத்தில் முள் துள்ளும்.

ஜூன் மழைக்கு முன் எஞ்சின் எர்த் பட்டையையும் இதே முறையில் செல்ஃப் அடிக்கும்போது அளந்துவிடுங்கள். அந்த எம்.ஏ.பி. சென்சாரைக் கடையில் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார்கள், எலக்ட்ரிக்கல் பார்ட்ஸ் ரிட்டர்ன் கிடையாதாம். வாங்கும் முன் ரிட்டர்ன் உண்டா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.