சூயஸிலிருந்து தொடங்குங்கள்: இரண்டாம் தாளில் பிரான்ஸ்

குடிமைப் பணி முதன்மைத் தேர்வு மதிப்பெண் பட்டியல் வந்துவிட்டதால், அரசியல் அறிவியலை விருப்பப் பாடமாகத் தமிழில் எழுதுவோருக்காக, சர்வதேச உறவுகள் இடம்பெறும் இரண்டாம் தாளில் எனக்குக் கைகொடுத்த ஒரு பகுதியான பிரான்சைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பாடத்திட்டத்தில் பிரான்சுக்குத் தனித் தலைப்பு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அடங்கிவிடுகிறது என்று பலரும் அதைத் தாண்டிப் போகிறார்கள். நான் காசு கொடுத்து வாங்கிய பயிற்சிக் குறிப்பேட்டிலும் ரஃபேல் போர் விமான ஒப்பந்தத்துக்கு மேல் ஒன்றும் இல்லை.

என் வழி ஒன்றுதான்: எந்தக் கேள்வியானாலும் 1956இன் சூயஸ் நெருக்கடியிலிருந்து விடையைக் கட்டுங்கள். எகிப்து நாட்டுடைமையாக்கிய சூயஸ் கால்வாயைக் கைப்பற்றப் படையெடுத்த பிரிட்டனும் பிரான்சும் அமெரிக்க நெருக்குதலால் பின்வாங்க நேர்ந்தபோது, இனி வாஷிங்டனைவிட்டு விலகக் கூடாது என்று லண்டனும், இனி வாஷிங்டனை நம்பி இருக்கக் கூடாது என்று பாரிசும் நேரெதிரான முடிவுகளுக்கு வந்தன. 1960இல் பிரான்ஸ் சகாரா பாலைவனத்தில் நடத்திய அணுகுண்டுச் சோதனை, 1964இல் மக்கள் சீனத்துக்கு அளித்த அங்கீகாரம், 2003இல் ஈராக் போருக்குக் காட்டிய எதிர்ப்பு ஆகிய அனைத்தையும் இந்த இழையில் கோத்துவிடலாம்.

1966இல் பிரெஞ்சு அதிபர் டி கோல், அமெரிக்கா முன்னின்று நடத்தும் இராணுவக் கூட்டணியான நேட்டோவை விட்டு வெளியேறினார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பிரான்ஸ் விலகியது அதன் ஒருங்கிணைந்த இராணுவக் கட்டமைப்பிலிருந்துதான், உறுப்பினராக நீடித்தது. 2009இல் அதிபர் சார்க்கோசி காலத்தில் கட்டமைப்புக்குத் திரும்பிய பின்னரும் நேட்டோவின் அணு ஆயுதத் திட்டமிடல் குழுவில் மட்டும் சேரவில்லை. இந்த மூன்று வரிகளைத் தெளிவாக எழுதுபவரின் விடை தனியாகத் தெரியும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

இந்தியாவுடனான உறவும் இதே தர்க்கத்தில் அடங்கும். 1998 ஜனவரியில் உத்திசார் கூட்டுறவு. அதே ஆண்டு மே மாதம் இந்தியாவின் பொக்ரான் அணுகுண்டுச் சோதனை. அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகள் தடை விதித்தபோது பாரிஸ் விதிக்கவில்லை.

விமர்சனப் பத்திக்கு ஆப்பிரிக்கா போதும். தனக்குத் தன்னாட்சி கோரும் நாடு, ஆப்பிரிக்காவின் 14 நாடுகளில் யூரோவுடன் பிணைத்த, காலனிக் காலத்தில் தொடங்கிய சிஎஃப்ஏ பிராங்க் நாணயத்தைப் புழக்கத்தில் வைத்திருந்தது. அந்த முரண்பாட்டின் மீதான கோபம், மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் ஆகியவற்றிலிருந்து 2022, 2023இல் படைகள் வெளியேற நேர்ந்ததற்கு ஒரு காரணம்.

எழுதும்போது:
- இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவைச் சொல்லாமல் இந்தோ-பசிபிக் விடை எழுத வேண்டாம்.
- ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா செய்துகொண்ட 2021இன் ஆக்கஸ் பாதுகாப்பு உடன்பாட்டையும், அதற்காக ஆஸ்திரேலியா கைவிட்ட பிரெஞ்சு நீர்மூழ்கி ஒப்பந்தத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.
- புதுச்சேரிக்கு ஒரு வரிதான்: நடைமுறை ஒப்படைப்பு 1954, பிரெஞ்சு நாடாளுமன்ற ஒப்புதல், அல்ஜீரியா விடுதலைக்குப் பிறகு, 1962.